டாக்டர் மேரி வர்கீஸ்: சக்கர நாற்காலியில் அமர்ந்து சத்திரசிகிச்சை செய்தவர்

பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, மருத்துவத் துறையில் முன்மாதிரியாக விளங்கிய ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். பாடசாலையில் இன்று படிக்கும் பிள்ளைகளும் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களது விருப்பம். பெயர்கள் பல எம் மனதில் வந்தன. நாம் தெரிவு செய்தவர் எமது பாடசாலையில் பயின்றவர் அல்லர். எமது நாட்டவரும் அல்லர். கேரளத்தில் பிறந்து, தமிழ்நாட்டின் வேலூரில் வாழ்ந்து, 1986ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களே அவர்.

இவரைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பதுளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வைத்தியராகப் பணி செய்யும் எமக்கு மருந்தெழுதிக் கொடுக்க முடியாத கேள்வி ஒன்று உள்ளது. மரத்தால் விழுந்து இடுப்பிற்குக் கீழே உணர்விழந்த மகனைத் தூக்கி வரும் தாயும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன கணவனைக் கூட்டி வரும் மனைவியும், நடக்காத பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் அம்மம்மாவும் அதையே கேட்கின்றனர். உயிர் தப்பிவிட்டது, இனிமேல் இந்தப் பிள்ளைக்கு என்ன வாழ்க்கை என்பதே அக்கேள்வி. மேரி வர்கீஸ் அவர்களின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதிலாக அமைந்தது. அதுவும் கட்டிலில் கிடந்தவாறு தனக்குத் தானே கேட்டு, பின்னர் மற்றவர்களுக்காகத் தேடிக் கண்டடைந்த பதில்.

வேலூரும் யாழ்ப்பாணமும்

மேரி வர்கீஸ் அவர்களைப் பற்றிச் சொல்லுமுன் அவரை உருவாக்கிய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் ஒரு வகையில் எமது நாட்டிலும் உள்ளது. அமெரிக்காவில் இருந்து 1819ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி ஆற்றிய ஜோன் ஸ்கடர் என்பவர் பின்னர் சென்னைக்குச் சென்றார். அவரது பேர்த்தியே ஐடா ஸ்கடர். பெண்களுக்கு ஆண் வைத்தியர் பிரசவம் பார்ப்பதைக் குடும்பத்தவர் ஏற்காத அக்காலத்தில், ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் மாறிய ஐடா, அமெரிக்கா சென்று வைத்தியம் பயின்று திரும்பினார். 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரு கட்டிலுடன் ஒரு சிறு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலை ஒன்றையும் ஆரம்பித்தார். பல நாடுகளின் திருச்சபைகள் ஒன்றிணைந்து தாங்கிய அந்தப் பணி, காலப்போக்கில் ஆசியாவின் பெரிய போதனா வைத்தியசாலைகளில் ஒன்றாக வளர்ந்தது. மலைநாட்டிலும் வடக்கிலும் வேலூரின் பெயரை அறியாத குடும்பம் குறைவு.

அக்கால மிஷன் பணிகளில் அங்கவீனமுற்றோருக்கும் ஓர் இடம் இருந்தது. ஜேர்மனியைச் சேர்ந்த ஏர்ன்ஸ்ட் கிறிஸ்டோபெல் என்ற போதகர் 1908இல் துருக்கியின் மலாத்தியா நகரில் பார்வையற்றோருக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்த அமைப்பு இன்றும் பல வறிய நாடுகளில் கண், காது, கை கால் குறைபாடுள்ளோருக்குப் பணி செய்கிறது. எமது நாட்டிலும் 1912இல் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான முதலாவது பாடசாலையைத் தொடங்கினார். பின்னாளில் இரத்மலானையில் நிலைபெற்ற அந்தப் பாடசாலையின் பெயரை எம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். இவர்கள் எல்லோரும் செய்தது பெரும் பணி. ஆயினும் அங்கே உதவி செய்தவர்கள் ஒரு பக்கமும் உதவி பெற்றவர்கள் மறுபக்கமுமாக இருந்தனர். மேரி வர்கீஸ் அவர்களின் சிறப்பு, அந்த இரு பக்கத்தையும் தன் ஒரே உடலில் தாங்கியமையாகும்.

கொச்சியில் இருந்து வேலூருக்கு

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு மே மாதம் கொச்சியில் வசதியான சிரிய கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிள்ளைகள் பலர் இருந்த பெரிய வீடு அது. கல்வியில் ஆர்வம் மிக்க அவர் வைத்தியராக வேண்டும் என்ற விருப்பத்துடன் 1940களில் வேலூருக்கு வந்து சேர்ந்தார். அவரது தாய்மொழி மலையாளம். வேலூர் வைத்தியசாலைக்கு வந்த நோயாளர்களோ பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசும் ஏழை மக்கள். படிப்பை முடித்துப் பட்டம் பெற்றபின் மகப்பேற்று மருத்துவத்திலும் பெண்நோயியலிலும் நிபுணராக வேண்டும் என்பது அவரது திட்டம். ஐடா அம்மையார் தொடங்கி வைத்த பணியும் அதுவே என்பதால் வேலூரில் பயின்ற பெண்களுக்கு இயல்பான பாதையாகவே அது இருந்தது.

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தத் திட்டம் ஒரே நாளில் முறிந்தது. விடுமுறை நாளொன்றில் சக வைத்தியர்களுடன் வேலூருக்கு வெளியே உல்லாசப் பயணம் சென்ற வாகனம் புரண்டது. அவரது முகத்தில் ஆழமான காயம். அதன் தழும்பு வாழ்நாள் முழுவதும் மறையவில்லை. அதைவிடப் பெரியது முள்ளந்தண்டில் ஏற்பட்ட காயம். இரு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

மாணவிகளுக்காக ஒன்றை இங்கே விளக்க வேண்டும். முள்ளந்தண்டின் உள்ளே செல்லும் முண்ணாண் என்ற நரம்புத் தொகுதியே மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டு செல்கிறது. அது அறுபட்டால் அந்த இடத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. உடைந்த எலும்பு பொருந்துவது போல முண்ணாண் மீண்டும் பொருந்துவதில்லை. கால் நடக்காது என்பது வெளியே தெரியும் குறை மட்டுமே. சிறுநீரும் மலமும் தன் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. உணர்வு இல்லாததால் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும்போது தோல் அழுகிப் படுக்கைப்புண் உண்டாகிறது. நோயாளிக்கு அது வலிப்பதுமில்லை. சிறுநீர்ப்பையில் தங்கும் சிறுநீரில் கிருமி பெருகி, சிறுநீரகம் வரை சென்று பாதிக்கிறது. அந்நாட்களில் முள்ளந்தண்டு காயமுற்றோரில் பெரும்பாலோர் இறந்தது காயத்தால் அல்ல. படுக்கைப்புண்ணாலும் சிறுநீரகப் பாதிப்பாலும்தான். இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் 1944இல் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் தனிப் பிரிவு ஒன்றைத் திறந்து, நோயாளிகளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்றி, அவர்களை வாழ வைக்க முடியும் என்று காட்டிய பின்னரே உலகம் கண் திறந்தது. அவர் 1948இல் 16 பேருடன் நடத்திய விளையாட்டுப் போட்டியில் இருந்தே இன்றைய பராலிம்பிக் போட்டிகள் வளர்ந்தன. ஆனால் 1954இல் அத்தகைய பிரிவொன்று இந்தியாவில் எட்டிய இடத்தில் இருக்கவில்லை.

மேரி வர்கீஸ் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். நிமிர்ந்து அமரக்கூடிய நிலைக்கு வருவதற்கு மேலும் சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன. அவர் வைத்தியர் என்பதால் தன் நிலைமை பற்றி அவரிடம் மறைக்க எதுவும் இருக்கவில்லை. ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவராக இருந்தும் இருண்ட நாட்கள் பலவற்றை அவர் கடக்க வேண்டியிருந்தது. அவரது குடும்பம் வசதியானது. வீட்டுக்கு அழைத்துச் சென்று குறையின்றிப் பராமரித்திருக்க முடியும். அன்றைய சமூகம் அவரிடம் எதிர்பார்த்ததும் அதற்கு மேல் இல்லை.

இயங்கும் கைகள்

அப்போது வேலூரில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர் டாக்டர் போல் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பணிபுரிந்த மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, இங்கிலாந்தில் பயின்று, 1946இல் வேலூருக்கு வந்தவர் அவர். தொழுநோயாளரின் விரல்கள் தொழுநோயால் அழுகி விழுவதில்லை, நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வு போனதால் சூட்டிலும் வெட்டிலும் அடிபட்டு அழிகின்றன என்று உலகுக்கு விளக்கியவர் அவரே. நகம் போல மடங்கிப்போன கைகளுக்கு, முன்கையில் நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களில் பொருத்தி, மீண்டும் விரியவும் பிடிக்கவும் செய்யும் சத்திரசிகிச்சையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார்.

சத்திரசிகிச்சை நிபுணர் என்றால் நின்றுகொண்டே செய்ய வேண்டும் என்பது எல்லோருடைய எண்ணம். கையில் செய்யும் சத்திரசிகிச்சையை அமர்ந்தவாறே செய்யலாம். நோயாளியின் கையை ஒரு சிறிய மேசையில் நீட்டி வைத்து, வைத்தியர் அருகில் அமர்ந்து நுணுக்கமாக வேலை செய்வதே அதன் முறை. இந்த ஒரு விடயத்தைப் போல் பிராண்ட் கவனித்தார். மேரி வர்கீஸின் கால்கள் போயிருந்தன; கைகள் போகவில்லை. தொழுநோயாளரின் கைகளுக்கான சத்திரசிகிச்சையைப் பயிலுமாறு அவர் மேரியை ஊக்குவித்தார்.

மகப்பேற்று மருத்துவத்தை மனதில் வைத்திருந்த ஒருவர், அன்று வைத்தியர்களே தொடத் தயங்கிய தொழுநோயாளரிடம் சென்றார். சக்கர நாற்காலியைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் தள்ளிச் சென்று, மேசை அருகே நிறுத்தி, முதலில் உதவியாளராகவும் பின்னர் தானே முன்னின்றும் அவர் கைகளைச் சீராக்கினார். அவர் சீராக்கிய கைகளால் மக்கள் சோறு பிசைந்தனர், ஊசி கோத்தனர், தறி பிடித்தனர்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. தொழுநோயாளர் ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டவர்கள். தம்மிடம் வரும் வைத்தியர் முகத்தில் தழும்புடனும் அசையாத கால்களுடனும் வந்ததைக் கண்டபோது அவர்களுக்குக் கிடைத்த தைரியம் மருந்தால் கிடைப்பதல்ல. இவருக்கு இந்த நிலையில் இவ்வளவு செய்ய முடியுமானால் எமக்கும் ஏதாவது முடியும் என்ற எண்ணம் சொல்லிக் கொடுக்காமலே அவர்களிடம் பிறந்தது. மேரி வர்கீஸ் அதைக் கவனித்தார். தன் குறைபாடு தன் தொழிலுக்குத் தடையல்ல, அதற்குள் ஒரு கருவி என்பதை அவர் அங்கேயே கண்டுகொண்டார்.

மீண்டும் மாணவியாக

வேலூரில் அவருக்குச் சத்திரசிகிச்சையும் தாதியரின் அன்பான பராமரிப்பும் கிடைத்தன. ஆனால் கட்டிலில் இருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, தானே குளிப்பது, உடை மாற்றுவது, சிறுநீரைத் தானே கவனித்துக்கொள்வது போன்றவற்றை முறையாகக் கற்றுக் கொடுக்கும் இடம் அருகில் இல்லை. அவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குச் சென்று அங்கிருந்த முள்ளந்தண்டு காயமுற்றோருக்கான பிரிவில் நோயாளியாகத் தங்கி அவற்றைப் பயின்றார். பிறர் தயவில் ஒவ்வொரு நாளும் கழிவதற்கும், பிறர் உதவியின்றிக் காலையில் தயாராகி வேலைக்குப் புறப்படுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் தன் உடலிலேயே அனுபவித்தார்.

அந்த அனுபவம் அவரது பாதையை மீண்டும் மாற்றியது. சீராக்கிய கை ஒன்றைக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கையுடன் ஒரு வாழ்க்கையையும் கொடுக்க வேண்டும் என அவர் முடிவு செய்தார். உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் என்ற துறை அப்போதுதான் உலகில் வளர்ந்து வந்தது. அதன் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் ஹொவார்ட் றஸ்க் நியூயோர்க்கில் நடத்திய நிலையத்தில் மேரி வர்கீஸ் பயிற்சி பெற்றார். சக்கர நாற்காலியில் இருந்த இந்தியப் பெண்மணி ஒருவர் கடல் கடந்து சென்று, குளிரிலும் பனியிலும் தனியே வாழ்ந்து, நிபுணத்துவத் தகுதி பெற்றுத் திரும்பியதை இன்று நினைத்தாலும் வியப்பாகவே உள்ளது.

அமெரிக்காவில் தங்கியிருந்தால் அகலமான கதவுகளும் மின்தூக்கிகளும் அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் 1963இல் வேலூருக்கே திரும்பி, மருத்துவக் கல்லூரியின் உடலியக்க மருத்துவ, மறுவாழ்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

பாகாயத்தில் எழுந்த நிலையம்

1966இல் வேலூர் நகருக்கு வெளியே பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளரைத் தங்க வைத்து மறுவாழ்வளிக்கும் நிலையங்களில் இந்தியாவின் முதன்மையானவற்றுள் ஒன்று அது. முள்ளந்தண்டு காயமுற்றோரும், போலியோவால் கால் மெலிந்தோரும், கை கால் இழந்தோரும், பக்கவாதம் கண்டோரும் அங்கே வந்தனர்.

வைத்தியசாலை என்றால் நோயாளி படுத்திருக்க மற்றவர்கள் வேலை செய்வர். அங்கே நோயாளியே காலை முதல் மாலை வரை வேலை செய்தார். இயன்மருத்துவர் கை வலுவைக் கூட்டினார். தொழில்வழிச் சிகிச்சையாளர் அந்த வலுவைச் சமையலுக்கும் தையலுக்கும் கருவி பிடிப்பதற்கும் பழக்கினார். செயற்கைக் காலும் ஊன்றுகோலும் அளவெடுத்துச் செய்யப்பட்டன. நோயாளியுடன் தங்கும் உறவினர் ஒருவர் புரட்டிப் படுக்க வைப்பது, தோலைப் பார்ப்பது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். ஏனெனில் நாளை வீட்டில் தாதி இருக்கமாட்டார். தாயோ தாரமோதான் இருப்பார். நோயாளி எத்தகைய வீட்டுக்குத் திரும்பப் போகிறார், அங்கே எத்தனை படி, கிணறு எங்கே, கழிப்பறை உண்டா என்பதெல்லாம் அங்கே வைத்தியக் கேள்விகளாகவே கருதப்பட்டன.

இவை எல்லாவற்றுக்கும் தலைமை தாங்கியவர் நோயாளிகள் அமர்ந்திருந்த அதே வகை நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. முடியவில்லை என்று ஒரு நோயாளி சோர்ந்தால் அவருக்கு எதிரே இருந்தவர் அதே சோர்வைக் கண்டு வந்தவர். படுக்கைப்புண் பற்றி அவர் எச்சரித்தால் அது நூலறிவு மட்டுமல்ல. அவரிடம் கண்டிப்பு செல்லுபடியாகியதும் ஆறுதல் செல்லுபடியாகியதும் இதனால்தான்.

இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிக் கௌரவித்தது. 1976இல் அவர் ஓய்வு பெற்றார். விபத்துக்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்து 1986 டிசம்பரில் மறைந்தார். விபத்து நடந்த காலத்தில் அத்தகைய காயத்துடன் சில ஆண்டுகள் வாழ்வதே அரிது என்பதை நினைத்தால் அந்த 32 என்ற எண்ணின் பெறுமதி விளங்கும். அவர் தொடங்கிய நிலையம் இன்றும் இயங்குகிறது. வீடு திரும்பிய பழைய நோயாளிகள் ஆண்டுதோறும் கூடி உடற்பரிசோதனை செய்து, விளையாடி, ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும் விழா ஒன்றும் அங்கே நடைபெறுகிறது. பழைய மாணவியர் சங்கம் போன்றதே அதுவும்.

எமது மலைகளில்

இந்த வரலாறு பதுளையில் இருக்கும் எமக்கு எதைச் சொல்கிறது? நாம் வைத்தியராகக் காண்பதை இங்கே எழுதுவது பொருத்தமாகும்.

பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை என்று எந்தத் திசையில் போனாலும் தோட்டத்து வாழ்க்கை சரிவில் நடக்கும் வாழ்க்கை. கொழுந்துக் கூடையுடன் ஈரக் கல்லில் சறுக்குவதும், மர உச்சியில் கிளை வெட்டும்போது விழுவதும், லொறி புரள்வதும், மழைக்காலத்தில் மண் சரிவதும் இங்கே புதிதல்ல. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை ஊவாவில் யாரும் மறக்கமாட்டார்கள். இவற்றுடன் நீரிழிவால் கால் இழந்தோரும் பக்கவாதம் கண்டோரும் இப்போது கூடி வருகின்றனர்.

இன்று எமது நாட்டில் உயிரைக் காப்பாற்றும் வசதி உண்டு. முள்ளந்தண்டு காயமுற்றோருக்கு ராகமையிலும் திகனையிலும் மறுவாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. அங்கே பல வாரங்கள் பயிற்சி பெற்று, சக்கர நாற்காலியைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு இளைஞன் தோட்டத்துக்குத் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். முச்சக்கர வண்டி ரோட்டில் நின்றுவிடும். ரோட்டில் இருந்து லயத்துக்கு அறுபது எழுபது படிகள். நாலு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்தாறு பேர் வசிக்கும் இடத்தில் நாற்காலி திரும்பாது. இஸ்தோப்பின் ஓரத்தில் ஒரு படி. கழிப்பறை லயத்தின் பின்னால், அதுவும் மேட்டில். தண்ணீர் பீலியில். காலையில் தாய் மலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது. ஒரு மாதத்தில் சக்கர நாற்காலி கூரைக்குக் கீழே மடக்கி வைக்கப்படுகிறது. இரண்டு மாதத்தில் படுக்கைப்புண். கிளினிக் நாள் தவறுகிறது, ஏனெனில் பஸ்ஸில் ஏற்ற ஆளில்லை.

இதில் தாயின் குறை எதுவுமில்லை. மறுவாழ்வு வைத்தியசாலையின் குறையும் இல்லை. வைத்தியம் ரோட்டோரத்தில் நின்றுவிடுகிறது. வாழ்க்கை லயத்தில் இருக்கிறது. இடையே இருப்பவை அந்த அறுபது படிகள். மேரி வர்கீஸ் அம்மையார் வீட்டின் படிகளை எண்ணுவதை வைத்தியத்தின் ஒரு பகுதியாக்கியது இதனால்தான்.

எம்மால் முடியாதது ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாக உள்ளது. அவர்களது உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. தோட்டங்களில் புதிய தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. வீட்டுத் திட்டத்தில் நடமாட இயலாத ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கு ரோட்டோரக் காணி கொடுப்பதற்கும், வாசலில் படிக்குப் பதிலாக ஒரு சாய்வுப் பாதை போடுவதற்கும், கழிப்பறைக் கதவைச் சற்று அகலமாக வைப்பதற்கும் ஆகும் மேலதிகச் செலவு பெரிதல்ல. அத்திவாரம் வெட்டும்போது நினைத்தால் சில மூடை சீமெந்துடன் முடியும். கட்டியபின் நினைத்தால் சுவரை இடிக்க வேண்டும். எம் பழைய மாணவியரில் பொறியியலாளர் உள்ளனர், பிரதேச செயலக உத்தியோகத்தர் உள்ளனர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் உள்ளனர், ஆசிரியைகள் நூற்றுக்கணக்கில் உள்ளனர். அந்த வரைபடங்கள் இவர்களில் யாராவது ஒருவரின் மேசையைக் கடந்தே செல்கின்றன.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உணர்வில்லாத உடலை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது புரட்டுங்கள். நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி இரு கைகளையும் ஊன்றி உடலைச் சற்று உயர்த்தட்டும். இடுப்பு, குதிக்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ வைத்தியசாலையிலோ உடனே காட்டுங்கள். சிறுநீர் கலங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. உயிரைக் காப்பவை இவையே.

இறுதியாக எமது பாடசாலைக்கு வருவோம். மலைச்சரிவில் அமைந்த பாடசாலைகள் எல்லாவற்றையும் போல எமதிலும் படிகள் உண்டு. அந்தப் படிகளில் ஓடி ஏறிய நினைவை இந்த மலரில் பலர் எழுதியிருப்பார்கள். நூறாண்டில் அப்படிகளில் ஏற முடியாததால் எமது வாசலுக்கே வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அத்தகைய பிள்ளை ஐந்தாம் வகுப்புடன் நின்று, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு லயத்திலேயே இருந்துவிடுகிறாள். அவளுக்குக் கால் இல்லாமல் இருக்கலாம். கையும் அறிவும் இருக்கின்றன. அவளுக்குள் ஒரு மேரி வர்கீஸ் இருந்திருக்கலாம்.

நூற்றாண்டு நினைவாக நுழைவாயில் வளைவு, மணிக்கூட்டுக் கோபுரம் எனப் பல யோசனைகள் சங்கத்தில் பேசப்படுவது வழமை. அவற்றுடன் எமது யோசனை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்கிறோம். வாயிலில் இருந்து கீழ்த்தள வகுப்பறை ஒன்று வரை ஒரு சாய்வுப் பாதை. அதே தளத்தில் அகலக் கதவுடன் ஒரு கழிப்பறை. மேல்மாடியில் நடக்கும் பாடத்தை, தேவையான ஆண்டில், அந்தக் கீழ்த்தள வகுப்பறைக்கு மாற்றிக்கொள்ளும் ஒரு நேரசூசி. கல்லில் பெயர் பொறிக்க வேண்டுமானால் வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்து ஆயிரக்கணக்கானோரை எழுந்து வாழச் செய்த அந்த வைத்தியரின் பெயரைப் பொறிக்கலாம். பொறிக்காவிட்டாலும் குறைவில்லை. அடுத்த ஜனவரியில் அந்தப் பாதையால் ஒரு பிள்ளை உள்ளே வந்தால் போதும்.